நிரந்தரம் என்று ஒரு கடிதம்

என் மகள் மருத்துவம் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு விண்ணப்பித்த வருடம் நாங்கள் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐன் நகரில் இருந்தோம். அங்கே வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் பதினான்கு வருடம் நெதர்லாந்து. அதற்கும் முன் யாழ்ப்பாணம். இந்த மூன்று இடங்களையும் திகதிகளோடு எத்தனை படிவங்களில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதி எழுதி, எழுதியது உண்மைதான் என்று காட்டிக் காட்டி, ஒரு கட்டத்தில் படிவத்தைக் கண்டாலே எரிச்சல் வரத் தொடங்கியது. அது இன்னும் போகவில்லை.

கணவர் தண்ணீர் பம்பிங் ஸ்டேஷன்களில் மீட்டர்களையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பராமரிக்கும் வேலை பார்த்தார். நெதர்லாந்தில் அவருடைய கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, எமிரேட்ஸில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் இருந்தது நகரசபையின் வாடகை வீடு. ஆள் குடியிருக்காமல் அதைப் பூட்டி வைத்திருக்க விடமாட்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டில் அலுமாரிகளைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினோம்.

இரண்டு வருடம் முடிய இன்னும் இரண்டு வருடம் கிடைத்தது. நான்காவது வருட முடிவில் ஒப்பந்தத்தை 'அன்லிமிட்டட்' என்று மாற்றித் தந்தார்கள். அந்த நாட்டில் வேலை ஒப்பந்தம் இரண்டு வகை. லிமிட்டட் என்றால் முடியும் திகதி எழுதியிருக்கும். அன்லிமிட்டட் என்றால் திகதி இருக்காது, ஒரு மாத நோட்டீஸில் யாரும் முடித்துக்கொள்ளலாம். பெயர்தான் பெரிது. விசா என்னவோ எப்போதும்போல மூன்று வருடத்துக்குத்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்து, கடவுச்சீட்டில் புது முத்திரை வாங்க வேண்டும். வேலை போனால் விசாவும் போகும். எத்தனை காலம் இருந்தாலும் அந்த நாடு யாரையும் தன்னுடைய ஆள் என்று சொல்லாது. அது எங்களுக்கு முதல் நாளே தெரிந்த விஷயம். அதில் எனக்கு மனக்குறையும் இல்லை.

மகள் படித்தது பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. கெட்டிக்காரி. டொக்டராக வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசை, நாங்கள் ஏற்றி வைத்தது அல்ல. பதின்மூன்று வயதில் அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது. அந்த வார்டில் கிடந்த நான்கு நாளில் தாதிமாரைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணிவிட்டாள். அதிலிருந்து வந்தது அந்த எண்ணம். டச்சு மொழி அவளுக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. அதனால் நெதர்லாந்தில் மருத்துவம் படிக்க முடியாது. எமிரேட்ஸில் அரசாங்க மருத்துவக் கல்லூரி அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. மிச்சம் இருந்தது இங்கிலாந்து.

விண்ணப்பம் கணினியில் நிரப்புவது. பள்ளியில் இதற்கென்று ஒரு ஸ்கொட்லாந்து ஆசிரியை இருந்தார். குடியிருப்பு வகை என்ற கேள்வியில் எதைத் தெரிவு செய்வது என்று மகள் அவரிடம் கேட்டிருக்கிறாள். உன் கடவுச்சீட்டு என்ன நிறம் என்று அவர் கேட்டாராம். சிவப்பு என்றாள். அப்படியென்றால் ஐரோப்பிய ஒன்றியம் என்று போடு என்றார். வீட்டிலும் நாங்கள் அதையேதான் சொல்லியிருப்போம். அந்தச் சிவப்புக் கடவுச்சீட்டுக்காக அகதி முகாமில் தொடங்கி எத்தனை வருடம் காத்திருந்தோம். மகளோ பிறந்ததே நெதர்லாந்தில்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மருத்துவத்துக்கும், ஐந்தாவதாக வேல்ஸில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உயிர்மருத்துவ அறிவியலுக்கும் விண்ணப்பித்தாள். இரண்டு இடத்தில் உடனே இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்திலிருந்து பதிலே இல்லை. இங்கிலாந்தின் வடக்கில் இருந்த நான்காவது பல்கலைக்கழகம் நேர்முகத்துக்கு அழைத்தது. டிசம்பரில் கணவர் லீவு எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார். நேர்முகம் நன்றாக நடந்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். கேட்ட மூவரில் ஒருவர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாராம். அதை அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

ஜனவரியில் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்தது. அங்கே வீட்டுக்குத் தபால் வராது, கம்பெனியின் தபால்பெட்டிக்குத்தான் வரும். பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்து, கணவர் கேட்டுப் போனபோதுதான் கிடைத்தது. உள்ளே பதினாறு பக்கப் படிவம். கட்டண நிலையைத் தீர்மானிக்கும் வினாக்கொத்து என்று தலைப்பு. கடந்த மூன்று வருடங்களாக நீங்கள் எங்கே வசித்தீர்கள், ஏன் வசித்தீர்கள், ஐரோப்பாவில் வீடு வைத்திருந்தீர்களா, ஒவ்வொரு வருடமும் எத்தனை நாள் போய் நின்றீர்கள், பெற்றோரின் வேலை தற்காலிகமானதா, அதற்கு என்ன ஆதாரம். திருப்பி அனுப்ப வேண்டிய திகதிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

எனக்கு விளங்கவில்லை. கடவுச்சீட்டுப் பிரதியை அனுப்பினால் முடிந்துவிடுமே என்றேன். மகள் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, நான் எந்த நாட்டுப் பிள்ளை எண்டு அவங்கள் கேக்கேல்லை. இந்த மூண்டு வருசமும் எங்க இருந்தனான் எண்டுதான் கேக்கிறாங்கள்."

பிறகு விளக்கினாள். அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியப் பிள்ளைகளையும் அங்கே உள்நாட்டு மாணவர்களாகவே எடுத்தார்கள். ஐரோப்பியப் பிள்ளையாக இருந்தாலும், கடைசி மூன்று வருடம் ஐரோப்பாவில் வசித்திருக்க வேண்டும். வெளியே இருந்தால், அது பெற்றோரின் தற்காலிக வேலைக்காக என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெளிநாட்டு மாணவி. வெளிநாட்டு மாணவி என்றால் கட்டணம் பல மடங்கு என்று எனக்கும் தெரியும். அதற்கு ஏதோ வழி பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் பயந்தது அதற்கு அல்ல. மருத்துவத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடமே கொஞ்சம். அரசாங்கமே வரம்பு வைத்திருந்தது. முழு வகுப்பில் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய இடங்கள், அதற்கு உலகம் முழுவதிலுமிருந்து போட்டி. அந்தப் படிவத்தில் எந்தப் பெட்டியில் அவளைப் போடுகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் இடம் கிடைப்பதும் கிடைக்காததும்.

படிவத்தை மூன்று பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். வீடு வைத்திருந்தீர்களா என்ற கேள்வியில் பேனா நின்றது. இல்லை என்றுதான் எழுத வேண்டும். சொந்த வீடு வாங்கும் நிலையில் நாங்கள் ஒருபோதும் இருக்கவில்லை. ஐரோப்பாவில் சொந்த வீடு இருந்தவன் கல்ஃபுக்குப் போனால் திரும்பி வருவான் என்றும், வாடகைக்கு இருந்தவன் போனால் போனவன்தான் என்றும் யாரோ ஒருவர் எங்கோ முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வருடத்துக்கு எத்தனை நாள் போனீர்கள் என்ற இடத்தில் மூன்று கோடைகளில் இரண்டைத்தான் எழுத முடிந்தது. மற்றக் கோடையில் மாமியாரின் செத்தவீட்டுக்கு இலங்கைக்குப் போனோம். அதை எழுத இடமில்லை.

இனி வேலையைப் பற்றிய கடிதம். கம்பெனியில் கடிதங்கள் தயாரிப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர், முப்பது வயது இருக்கும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கணவர் மறுநாளே பாலைவனத்துக்குள் ஒரு சைட்டுக்குப் போய்விட்டதால் நானே டாக்ஸி பிடித்துப் போனேன். பல்கலைக்கழகத்துக்கு, மகளின் படிப்புக்கு, கணவர் இங்கே வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். 'தற்காலிகம்' என்ற சொல் அதில் கட்டாயம் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வேலை ஒப்பந்தத்தின் பிரதியைப் பார்த்தாலே அவர்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

அவர் ஒரு மணிநேரத்தில் அடித்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரை குத்திக் கொண்டுவந்து தந்தார். தரும்போது சந்தோஷமாகச் சொன்னார்:

"சும்மா எம்ப்ளாயின்னு போட்டா ஒரு வெயிட் இருக்காதுக்கா. பர்மனென்ட் ஸ்டாஃப்னு போட்டுட்டேன். சார் இங்க நல்ல பொசிஷன்ல இருக்காருன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

வாசித்தேன். இவர் எங்கள் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர், இவருடைய ஒப்பந்தத்துக்குக் கால வரையறை இல்லை, இவருடைய சேவையில் நிர்வாகம் முழுத் திருப்தி கொண்டுள்ளது. அழகான ஆங்கிலம். வங்கிக்கு, வீட்டு வாடகைக்கு, எந்த அலுவலகத்துக்கும் அந்த ஊரில் இப்படித்தான் கடிதம் எழுதுவார்கள். நிரந்தரம் என்ற சொல் இருந்தால்தான் மறுபக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குப் பெருமையாக இருந்தது. நல்லது தம்பி, பெரிய உபகாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகள் படிவத்தோடு சேர்த்து உறையில் வைத்தாள். கூரியரில் அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. நீங்கள் சமர்ப்பித்த ஆவணங்களின்படி உங்கள் தந்தை ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நிரந்தர வேலையில் உள்ளார், உங்கள் குடும்பம் அங்கே நிலையாக வசிக்கிறது, எனவே நீங்கள் வெளிநாட்டு மாணவி என வகைப்படுத்தப்படுகிறீர்கள். அடுத்த பத்தியில், வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன, உங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது. நேர்முகத்தில் நன்றாகச் செய்திருந்தீர்கள் என்று ஒரு வரியும் இருந்தது.

கணவர் அதை நின்றபடியே வாசித்தார். பிறகு கேட்டார், "நிரந்தரம் எண்டு ஆர் எழுதினது?"

கம்பெனிக் கடிதத்தில் இருந்திருக்கும் என்றேன்.

"அனுப்ப முந்தி நீர் வாசிச்சனீரோ?"

இல்லை, உறையில் போட்டு ஒட்டித் தந்ததை அப்படியே கொண்டுவந்தேன் என்று சொன்னேன். இருபது வருடத்துக் குடும்ப வாழ்க்கையில் அவருக்கு நான் சொன்ன பொய்கள் அதிகமில்லை. அது ஒன்று. அவர் உடனே அந்தத் தஞ்சாவூர்க்காரரோடு சண்டை பிடிக்கப் புறப்பட்டார். நான் மறித்தேன். பாவம், அந்தப் பெடியன் நல்லது என்று நினைத்துத்தானே செய்தது என்றேன். அந்த நியாயம் எனக்கும் தேவைப்பட்டது.

மேல்முறையீடு செய்யப் பத்து வேலை நாட்கள் இருந்தன. அவர்களுடைய வேலை நாள் திங்கள் முதல் வெள்ளி. எங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. வெள்ளிக்கிழமை அவர்கள் வேலை செய்யும்போது எங்கள் கம்பெனியில் கடிதம் வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடிதம் வாங்கினால் அங்கே கேட்க ஆளில்லை. புதுக் கடிதத்துக்கு மேலாளரிடம் கணவர் நேரே போனார். ஒருமுறை நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது இல்லை என்று எப்படிப் போடுவது என்று அவர் முதலில் மறுத்தார். நான்கு நாள் அலைந்தபிறகு, இவருடைய வேலை விசா மூன்று வருடத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும், இந்த நாட்டில் வெளிநாட்டவர் யாருக்கும் நிரந்தர வதிவிடம் கிடையாது என்று ஒரு கடிதம் தந்தார். அரபில் இருந்த ஒப்பந்தத்தைச் சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கினோம். கடவுச்சீட்டுகளின் விசாப் பக்கங்களை எல்லாம் பிரதி எடுத்தோம். எடுக்க எடுக்க எனக்குக் கோபம் வந்தது. எங்களை ஒருநாளும் நிலையாக இருக்க விடாத ஒரு நாட்டில் நாங்கள் நிலையாக இருக்கிறோம் என்று, அந்த நாட்டில் ஒருநாளும் இருந்திராத ஒருவர் எழுதுகிறார்.

மகளே தொலைபேசி எடுத்துப் பேசினாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. இந்த இரண்டு கடிதங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன என்றார். முடிவு வந்தபிறகு எழுதப்பட்ட கடிதத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க முடியாது என்றார். உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது என்று இரண்டு தரம் சொன்னார். மகள் நன்றி சொல்லி வைத்தாள். முடிவு மாறவில்லை.

அவளுடைய வகுப்பில் ஓர் அயர்லாந்துப் பிள்ளை இருந்தாள். இருவரும் நெருங்கிய சிநேகிதிகள். அந்தப் பிள்ளையின் தகப்பனும் எங்கள் கம்பெனியில்தான் வேலை, எங்களுக்கு முன்னரே வந்தவர். ஆனால் அவரை அயர்லாந்துக் கம்பெனி ஒன்று இங்கே அனுப்பி வைத்திருந்ததாகக் கடதாசியில் இருந்தது. கோர்க் நகரில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது, வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதே பல்கலைக்கழகம் அவளை உள்நாட்டுப் பட்டியலில் சேர்த்து இடமும் கொடுத்தது. பரீட்சையில் என் மகளுடைய புள்ளிகள்தான் கூட. நல்ல பிள்ளை. செய்தி வந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்று அழுதாள். என் மகள்தான் அவளைத் தேற்றினாள். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையில் கோபப்பட ஒரு காரணமும் இல்லை என்பதே எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

ஏப்ரலில் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் படிவம் வந்தது. இரண்டே பக்கம். இந்தமுறை இரண்டாவது கடிதத்தை மட்டும் வைத்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தந்தையின் தற்காலிக வேலை காரணமாகவே வெளியே வசித்துள்ளீர்கள், எனவே நீங்கள் ஐரோப்பிய ஒன்றிய மாணவி. அதே தகப்பன், அதே வேலை, அதே ஆறு வருடம். உடனே அதைப் பிரதியெடுத்து வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னுடைய முடிவைத் தானே எடுக்கும் என்று பதில் வந்தது. வேல்ஸில் மருத்துவத்துக்கு அவள் விண்ணப்பித்திருக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் இல்லவும் இல்லை.

ஒரு வருடம் பொறுத்துத் திரும்ப விண்ணப்பிக்கலாமா என்று பேசினோம். கணவர் அதையே விரும்பினார். ஆனால் பள்ளி முடிந்தபிறகு அல் ஐனில் ஒரு வருடம் சும்மா இருந்தால், அங்கே நிலையாக இருப்பதற்கு இன்னொரு வருடம் கூடிவிடும் என்று மகள் சொன்னாள்.  செப்டெம்பரில் வேல்ஸுக்குப் போனாள். அவள் போகும் வாரம் அந்தத் தஞ்சாவூர்க்காரர் ஒரு பெட்டி இனிப்போடு வந்தார். பாப்பா லண்டனுக்குப் படிக்கப் போகுதாமே என்றார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கணவர் கைகொடுத்தார். நடந்தது எதையும் நாங்கள் சொல்லவில்லை. தான் தந்த கடிதம் உதவியதா என்று அவர் கேட்டபோது, ஓம், உதவியது என்றேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில், உலகம் முழுவதும் வந்த பணநெருக்கடியில், அங்கேயும் வேலைகள் நின்றுபோயின. பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் கைவிடப்பட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் மத்தியானமே வீட்டுக்கு வந்து ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். அதே கம்பெனித் தலைப்பு, அதே மேலாளரின் கையெழுத்து, அதே வட்ட முத்திரை. முப்பது நாள் நோட்டீஸ். அதற்குப் பிறகு விசா ரத்தாகும், அதிலிருந்து இன்னும் ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். கீழே நான்கு வரிகளில் கணவரின் சேவைக்கு நன்றி சொல்லியிருந்தது.

நான் அழவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மூலைக்கடைக்குப் போய்ப் பிரதி எடுத்தேன். வடக்குப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கு, என் பிழையான ஆங்கிலத்தில், நீங்கள் நிரந்தரம் என்று முடிவு செய்த வேலை இதுதான் என்று ஒரு வரி எழுதி இணைத்து அனுப்பினேன். பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக ரொட்டர்டாமில் இருந்த கணவரின் தங்கையின் முகவரியைக் கொடுத்தேன். அங்கேதான் போகப் போகிறோம். கணவரிடம் சொல்லவில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு மகள் ரொட்டர்டாம் வந்தாள். மச்சாளின் வீட்டில் ஓர் அறையில் மூன்று பேரும் இருந்தோம். அவள் வந்த மறுநாள் பதில் வந்தது. குறிப்பிட்ட நபர் எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவி அல்ல, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்துவிட்டது, எனவே இந்த ஆவணத்தைப் பரிசீலிக்க முடியாது. மகள்தான் உறையைப் பிரித்து வாசித்தாள். ஏன் அம்மா இன்னும் இதுக்குள்ள நிக்கிறீங்கள் என்று கேட்டாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது.

அப்போதுதான் சொன்னேன். அந்த முதல் கடிதத்தை நான் வாசித்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன், அப்பாவிடம் பொய் சொன்னேன், ஒரு சொல்லை மாற்றச் சொல்லியிருந்தால் நீ இன்று அங்கே இருந்திருப்பாய்.

அவள் பதிலை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நானும் வாசிச்சனான் அம்மா. உறைக்குள்ள வைக்கேக்க. அப்பாவைப் பற்றி நல்லா எழுதியிருக்கு எண்டு எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது."

அவள் பட்டம் முடித்து இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். பட்டதாரிகளை மருத்துவத்துக்கு எடுக்கும் படிப்பு ஒன்று இருந்தது. அதற்கான படிவத்தை இறக்கிப் பாதிவரை நிரப்பிவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள். பிடித்திருக்கலாம். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித்தட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். என் கணவர் எல்லாம் நன்மைக்கே என்று சொல்லப் பழகிவிட்டார். என்னால் முடியவில்லை. யாரில் பிழை என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். தஞ்சாவூர்க்காரரில் இல்லை, தொலைபேசியில் பேசிய பெண்ணில் இல்லை, ஸ்கொட்லாந்து ஆசிரியையில் இல்லை. எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அப்படி நினைக்கும்போது மனம் ஆறும் என்று சொல்வார்கள். எனக்கு அப்போதுதான் இன்னும் எரிகிறது.